புறங்கை

இன்னும் யாரும் அதைத் தொடவில்லை. மணி பதினொன்றேகால். கோபிசெட்டிபாளையத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், நஞ்சப்பன் என்பவருடைய வீட்டுச் சாமான் கடையில், டேபிள் ஃபேன் வாங்க வந்தவளாக நான் உட்கார்ந்து அரை மணி நேரமாகிறது. வீட்டில் நான்கு டேபிள் ஃபேன் இருக்கிறது, நான்கும் நான் வரைந்தவை, ஐந்தாவதாக ஒன்றைக் கேட்டு, அது குடோனிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கிறேன். பொய் சொல்வதென்று ஆன பிறகு கொஞ்சம் பெரிய பொய்யாகச் சொல்லியிருக்கலாம், ஃபிரிட்ஜ் என்று கேட்டிருந்தால் சாயங்காலம் வரை உட்கார விட்டிருப்பார். எதிரே மூன்றாவது தட்டில், மிக்சிகளுக்குக் கீழே, எமர்ஜென்சி விளக்குகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது குமிழ். அதுதான் அதன் பெயர். அடுப்படிக்கென்றே செய்த, பாட்டரியில் ஓடுகிற சின்னப் பாட்டுப்பெட்டி, முன்பக்கம் முழுக்க ஒரே ஒரு திருகு, வேறு பொத்தான் கிடையாது, திருப்பினால் பாடும், இன்னும் திருப்பினால் சத்தம் கூடும், பின்னால் திருப்பினால் அடங்கும். ஓட்டை போட மறந்த உளுந்து வடை என்று எங்கள் அச்சுக்காரர் லூர்துராஜ் சொல்வார். அந்தத் திருகின் மேல் ஒட்டி வருகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை நஞ்சப்பன் பிரிக்கவே இல்லை. அந்தத் தாள் என் நகக்கண்ணில் அரிக்கிறது. எழுந்து போய் ஒரு ஓரத்தில் நகத்தைக் கொடுத்தால் சர்ரென்று வந்துவிடும். வந்துவிட்டால் கேட்பார், யாருங்க நீங்க என்று. என்ன சொல்வது. தெய்வானை, சாமந்தி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குத் தலைமை நிர்வாகி, உங்கள் தட்டில் இருப்பதைச் செய்தவள் நான்தான் என்றா. சொன்னால் டீ வரும், நாற்காலி மாறும், குமிழ் முதல் தட்டுக்கு ஏறும், அப்புறம் நான் பார்க்க வந்ததைப் பார்க்க முடியாது. நான் பார்க்க வந்தது ஒரு கையை. யாரும் எதுவும் சொல்லித் தராத ஒரு கை அதனிடம் எப்படிப் போகிறது என்பதை.

ஒரு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சேர்மன் ரங்கபாஷ்யம் நேற்று மத்தியானம் என் அறைக்கே வந்து நின்றபடியே சொன்னார், "நாளைக்கு ஒரு மணிக்குக் கூப்பிடறேன் தெய்வானை. சரி, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதுங்க." அவர் உட்காராததிலேயே விஷயம் தெரிந்துவிட்டது, நல்ல செய்தி என்றால் உட்கார்ந்து காபி கேட்பவர். குமிழ் வெளிவந்து இரண்டு மாதம், பெரிய ஊர்க் கடைகள் மறுபடி கேட்கவில்லை. திருகைப் பார்த்தால் பழைய காலத்துச் சாமான் போல இருக்கிறதாம். வெளிநாட்டில் கண்ணாடி முகப்போடு, தொட்டால் ஒளிர்கிற மாதிரி, செய்தே தருகிறார்கள், நம் சாமந்திப் பூவை மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். அப்படி ஒட்டிக்கொள்வதென்றால் வரைகிற அறை எதற்கு என்று இயக்குநர்கள் ஐந்து பேரில் நான்கு பேர் கேட்கிறார்கள். அந்த அறையில் பதினோரு பேர். அவர்களை விற்பனைக்கு அனுப்பிவிட்டு நான் என் நாற்காலியிலேயே இருக்கலாம். சரி என்றால் நாற்காலி உண்டு, அறை இல்லை. இல்லை என்றால் நாற்காலி கிடையாது, அறையை யார் காப்பாற்றுவார்கள் என்பதும் தெரியாது. நாற்காலிக்காக நான் பயப்படவில்லை என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. நிஜத்தில் கொஞ்சம் அதற்கும்தான், நல்ல நாற்காலி அது, முதுகுச் சாய்வை நானே திருத்தினேன். ஆனால் அதற்கும் அடியில் இன்னொரு பயம் கிடக்கிறது, ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தும் அதன் முகத்தை நான் பார்க்கவில்லை, காலையில் பல் துலக்கும்போது பார்த்துவிட்டேன். அவர்கள் சொல்வது சரியாக இருந்துவிட்டால். பதினான்கு மாதம் நான் திருகு திரும்பும்போது வருகிற, எனக்குப் பிடித்த ஒரு சத்தத்துக்காக ஒரு கம்பெனியையே உட்கார வைத்திருந்தால். அப்போதே சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டேன். அவினாசி தாண்டும்போதுதான் எந்த ஊருக்குப் போகிறோம் என்று யோசித்தேன். கோபியில் ஒரு கடை இரண்டு குமிழ் வாங்கியிருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. ஒன்று விற்றதா என்பது தெரியாது. ஒன்றுதான் தட்டில் இருக்கிறது. இன்னொன்று எங்கே. கேட்கலாம். கேட்காதே.

"ஃபேன் கெளம்பிருச்சாமுங்க, இப்ப வந்துரும்," என்கிறார் நஞ்சப்பன். "பரவால்லீங்க, மெதுவா வரட்டும்," என்கிறேன். இவ்வளவு பொறுமையான வாடிக்கையாளரை அவர் பார்த்திருக்க மாட்டார், ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பழைய அட்டைப்பெட்டிகளை மடிக்கப் போகிறார். அட்டைப்பெட்டி. நான் இந்தத் தொழிலுக்குள் வந்ததே அட்டைப்பெட்டி வழியாகத்தான். அகமதாபாத்தில் மூன்று வருஷம் பொருள் வடிவமைப்பு படித்துவிட்டு, இருபத்து நான்கு வயதில், சாமந்தி ரேடியோ செய்கிற இந்தக் கம்பெனியில் வந்து நின்றபோது, வேலைக்கு எடுக்கிறவர் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிசைன்னா, பொட்டி மேல படம் போடறதுங்களா," என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன், வேலை வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் அட்டைப்பெட்டி மேல் சாமந்திப் பூ வரைந்தேன், ஆறு இதழ், எட்டு இதழ், பனித்துளியோடு, பனித்துளி இல்லாமல். பூ அலுத்துப் போன ஒரு நாளில் பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைகிற மாதிரி இரண்டு துளை போட்டு, துளையின் விளிம்பை உள்பக்கமாக மடித்துவிட்டேன், யாரையும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து லாரியில் சரக்கு ஏற்றுகிற ஒருவர், பெயர் மாரப்பன், என்னைத் தேடிக்கொண்டு மாடிக்கு வந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "இந்தப் பொட்டி கைய அறுக்கலீங்க. நீங்கதான் பண்ணீங்கன்னாங்க," என்று சொல்லிவிட்டு, சொல்ல வந்தது தீர்ந்துவிட்டதால் இறங்கிப் போய்விட்டார். அப்புறம் எனக்கு விருதுகள் வந்திருக்கின்றன, டெல்லியில் ஒன்று, மேடையில் பொன்னாடையோடு, அந்தப் பொன்னாடை எந்த அலமாரியில் இருக்கிறதென்றே தெரியாது. மாரப்பனின் உள்ளங்கை தெரியும். அதில் குறுக்கே பழைய தழும்புகள் கோடு கோடாக இருந்தன, புதிது ஒன்றும் இல்லை. ஒரு ஆள் தன் கையைக் காட்டி, இங்கே எதுவும் ஆகவில்லை பாருங்கள் என்று சந்தோஷப்படுகிற வேலை உலகத்தில் எத்தனை இருக்கும். அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்துக்கொண்டு போனேன், பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

சிரித்துக்கொண்டே போனவள்தான் வெண்முத்தையும் செய்தாள். அதை நினைக்கக் கூடாது இப்போது. நினைத்தால் என்ன, பதினொரு வருஷமாகிறது. வெண்முத்து என்ற பாட்டுப்பெட்டி, முட்டை மாதிரி வழவழவென்று, ஒரு விளிம்பு கிடையாது, ஒரு திருகாணி தெரியாது, நான் அப்போது வடிவமைப்புக்குத் தலைவி, என் மேஜையில் அதை வைத்துவிட்டு மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அச்சு செய்கிற லூர்துராஜ், திருச்சிக்காரர், அன்றிலிருந்து இன்றுவரை என்னோடு சண்டை போடுவதற்கென்றே பிறந்தவர், அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "கோட்டை நல்லா இருக்கு மேடம். வாசல் எந்தப் பக்கம்," என்றார். எனக்குக் கோபம் வந்தது. வாசல் அடியில் இருந்தது, இடது ஓரத்தில், தோலோடு தோலாக ஒரு பொத்தான், அழகைக் கெடுக்கக் கூடாதே. கடைக்குப் போன வெண்முத்துகள் லாரி லாரியாகத் திரும்பி வந்தன. ஆன் பண்ணத் தெரியவில்லை, பண்ணினால் ஆஃப் பண்ணத் தெரியவில்லை, கையில் தண்ணீர் இருந்தால் வழுக்கி விழுகிறது, விழுந்தால் பாடிக்கொண்டே உருளுகிறது. பாடிக்கொண்டே உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்ட ஒன்றைப் பற்றி வந்த கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு அழுதேன். வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ரங்கபாஷ்யம் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அப்புறம் என்ன செய்யப் போறீங்க என்றார். திருப்பிக் கொடுக்காதவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்கப் போகிறேன் என்றேன், யோசிக்காமல் வாயில் வந்தது. அப்ப கம்பெனிக் காரிலேயே போயிட்டு வாங்க என்றார். அந்தக் காகிதம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம், வீடு வீடாக. கரூரில் ஒரு வீட்டில் தேன்மொழி என்று ஒருத்தி, மூன்று பிள்ளைகளுக்குத் தாய், எங்கள் வீட்டுப் பெட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது, எதற்குத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டாள். எப்படி ஆன் பண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். பொத்தானின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது, மெரூன் நிறம், நடுவில் சின்னக் கல். "விரலுக்குக் கல்லு தட்டுப்படும்ல, அப்ப அமுக்குவேன்," என்றாள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் நான் வரைந்த முட்டைக்கு அவள் ஒரு நெற்றி வைத்திருந்தாள். நான் அந்த அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அவளும் எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்து சிரித்தாள், பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தன. அன்றைக்கு அவள் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே ஒரு காரியம் செய்தாள், போனில் பாட்டு சத்தமாக வந்தது, கையெல்லாம் மாவு, புறங்கையால் போனை ஒரு தள்ளுத் தள்ளினாள், போன் தள்ளிப் போனது, சத்தம் குறையவில்லை. அதற்குப் பிறகு போன வீடுகளில் எல்லாம் அதையே பார்த்தேன், அல்லது அதற்குப் பிறகுதான் எனக்குக் கண் வந்தது. மஞ்சள் கை, எண்ணெய்க் கை, மீன் கழுவிய கை. விரல் எப்போதும் வேறு வேலையாக இருக்கிறது. புறங்கை சும்மா இருக்கிறது. முழங்கை சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற கைக்கு ஒரு திருகு.

பன்னிரண்டு ஆகப் போகிறது. ஒருவர் வந்து டார்ச் லைட்டுக்கு பாட்டரி வாங்கிக்கொண்டு போனார், குமிழைப் பார்த்தார், இல்லை, அதற்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு அம்மாளும் மகளும் வந்தார்கள், இஸ்திரிப் பெட்டி பார்த்தார்கள், மகள் குமிழின் பக்கம் விரலை நீட்டினாள், நீட்டியவள் முன்னால் விழுந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் விட்டுக்கொண்டாள். என் இதயம் ஒரு படி இறங்கி மறுபடி ஏறியது. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, பரீட்சைத் தாளை எடுக்கிற வாத்தியாரின் கையைப் பார்க்கிற பிள்ளை மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளும் இப்படித்தான் ஒரு பரீட்சை வைத்தேன், எனக்கில்லை, அவர்களுக்கு. ஆறு வருஷத்துக்கு முன்பு டிவி பிரிவை மூட வேண்டி வந்தபோது அந்த நாற்காலியில் உட்கார யாரும் முன்வரவில்லை, அதனால்தான் என்னிடம் வந்தது, அதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. முதல் கூட்டத்தில் கம்பெனி செய்கிற பதினேழு பொருளையும் மேஜையில் வைத்து, இயக்குநர்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக ஆன் பண்ணச் சொன்னேன். பெரிய மனிதர்கள், கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாமூச்சி ஆடுகிறவர்களைப் போல மேஜை மேல் கையைத் துழாவிக்கொண்டு. ரங்கபாஷ்யம் தன் தகப்பனார் காலத்துக் கடிகார ரேடியோவைக் கண்டுபிடித்துவிட்டார், புதிதாக நாங்கள் செய்த ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணைத் திறந்துவிட்டு மேஜை மேல் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "நாம இத்தன நாளா கண்ணு தெரியறவங்களுக்கு மட்டும் வித்துட்டு இருந்திருக்கோம்," என்றார். அவர் அப்படிப்பட்டவர். அதனால்தான் நேற்று அவர் நின்றுகொண்டே பேசியது வலிக்கிறது.

அந்தப் பதினேழு பொருளும் ஐந்தாகக் குறைந்து, ஐந்தும் விற்று, அந்தத் தெம்பில் குமிழ். அதன் திருகில் முதலில் சத்தமே இல்லை. திருப்பினால் சும்மா சுற்றியது, புறங்கைக்கு எவ்வளவு சுற்றினோம் என்று தெரியவில்லை. கைக்குத் தெரிகிற மாதிரி ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னத் தட்டு வேண்டும் என்றேன். லூர்துராஜ் முதல் ஸ்பிரிங்கைப் போட்டுக் கொண்டுவந்தார், கரகர என்றது, பல்லில் மணல் பட்ட மாதிரி. இரண்டாவது டிக் டிக் என்றது, கடிகாரம், அவசரப்படுத்துகிறது, வேண்டாம் என்றேன். ஏழாவது, பூட்டு. பன்னிரண்டாவது, துப்பாக்கி. இருபதாவதில் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, பெட்டியை மட்டும் மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்க ஆரம்பித்தார். முப்பத்தொன்று. முப்பத்தொன்றையும் வேண்டாம் என்று நான் தலையை ஆட்டியபோது அவர் நாற்காலியில் சாய்ந்து, விரல்களைக் கோர்த்து, அலுப்பாக நெட்டி முறித்தார். பட பட பட என்று ஐந்தாறு, மிருதுவாக, உள்ளேயிருந்து வருகிற மாதிரி, ஒவ்வொன்றும் முடிந்த பிறகு ஒரு சுகம். "அதுதான்," என்றேன். எது என்றார். மறுபடி முறியுங்கள் என்றேன். மறுபடி வருமா, நெட்டி ஒரு தரம்தானே முறியும். அறையில் இருந்த பதினோரு பேரும் வரிசையாக விரலை நீட்டினார்கள், மைக் வைத்துப் பதிவு செய்தோம், மாலா என்ற பெண்ணின் மோதிர விரல்தான் சிறந்தது என்று லூர்துராஜ் தீர்ப்புச் சொன்னார். அந்தச் சத்தத்துக்கு ஒரு ஸ்பிரிங் கிடைக்க மேலும் இரண்டு மாதம். கிடைத்த அன்று அவர் எனக்கு முன்னால் திருகை ஒரு தரம் திருப்பிவிட்டு, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். இதையெல்லாம் எந்தக் கணக்கில் காட்டுவது. இந்தப் பதினோரு பேரையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அனுப்புவதற்கு நான் சரி என்று சொல்ல வேண்டும், ஒரு மணிக்கு. எவ்வளவு சின்ன வார்த்தை, ச, ரி, பாட்டு வாத்தியார் சொல்லித் தருகிற முதல் இரண்டு எழுத்து. ச ரி. ச ரி க ம என்று ஓடிப் போனால் போய்விடலாம்.

நஞ்சப்பன் அட்டைகளைக் கட்டிப் பின்கட்டுக்குக் கொண்டுபோகிறார். எழுந்துவிட்டேன். எழுந்தது நான்தானா என்று தெரியவில்லை, கால் எழுந்துவிட்டது. மூன்று எட்டில் தட்டு. நகம் ஓரத்தில் இறங்குகிறது, தாள் சர்ரென்று உரிந்து வருகிறது, கடைசியில் ஒரு சின்ன முத்தச் சத்தம் போட்டுவிட்டுக் கையோடு வந்துவிடுகிறது. அதைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். சொந்தப் பொருளின் தோலைத் திருடின முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சந்தோஷமாக இருக்கிறது, மாங்காய் பறித்துவிட்டு ஓடி வந்தவளுக்கு இருக்குமே, அந்த மாதிரி. திருகு இப்போது வெறும் உடம்போடு இருக்கிறது, மங்கிய செங்கல் நிறம், விளிம்பில் மெல்லிய வரிகள். நன்றாகத்தான் இருக்கிறது. நான் சொல்லக் கூடாது, நன்றாக இருக்கிறது.

வாசலில் ஒரு மொபெட் வந்து நிற்கிறது. நாற்பத்தைந்து வயதிருக்கும், நூல் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, இடது கக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய எதையோ இடுக்கிக்கொண்டு, ஒரு பெண் படியேறி வருகிறாள். "வா பூவாத்தா," என்று பின்கட்டிலிருந்து வருகிறார் நஞ்சப்பன், "ஜார் மறுக்காவும் ஒழுகுதா?" "ஒழுகாம என்னுங்ணா பண்ணும், போன தடவ நீங்க பாத்த லச்சணம்," என்று அவள் மிக்சி ஜாரை மேஜையில் வைக்கிறாள். அவள் விரல்களெல்லாம் பழுப்பாகத் தூள் ஒட்டியிருக்கிறது, கடலைப் புண்ணாக்கு, மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே வந்திருக்கிறாள். நஞ்சப்பன் ஜாரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு திருகாணியைத் தேடுகிறார். அவள் சும்மா நிற்கிறாள். கண் தட்டுத் தட்டாக மேய்கிறது, மிக்சி, விளக்கு, அங்கே நிற்கிறது. தலையை ஒரு பக்கம் சாய்க்கிறாள். கை எழும்புகிறது. பாதி வழியில் தன் விரலைப் பார்க்கிறாள், புது சாமான் அழுக்காகுமே என்று யோசிப்பது அவள் முகத்தில் தெரிகிறது, மணிக்கட்டை மடக்குகிறாள், புறங்கையை அந்தத் திருகின் மேல் வைத்து ஒரு தள்ளுத் தள்ளுகிறாள். நான் மூச்சை எங்கேயோ வைத்துவிட்டேன். பட, பட, பட. ஏதோ ஒரு வானொலியில் ஏதோ ஒரு பாட்டு, பாதியிலிருந்து, கடை முழுக்கப் பரவுகிறது. அவள் கையை எடுக்கவில்லை. இரண்டு படி குறைக்கிறாள், ஒரு படி ஏற்றுகிறாள், மறுபடி குறைக்கிறாள், பாட்டுக்காக இல்லை, கையில் படுகிற அந்தச் சின்னத் தட்டுக்காக. எனக்குத் தெரியும், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

"இது பாடுதுங்ணா," என்கிறாள். "பாடாம, அதுக்குத்தான வெச்சிருக்குது," என்கிறார் நஞ்சப்பன் ஜாரிலிருந்து தலையை எடுக்காமல். அவள் என் பக்கம் திரும்புகிறாள். "ஏனுங்க, இதுல தண்ணி பட்டா கெட்டுப் போயிருமுங்களா?" "போகாதுங்க. மேல ஊத்துனாலும் போகாது. முங்க மட்டும் விடக்கூடாது." "உங்கூட்டுல இருக்குதுங்களா?" "இருக்குதுங்க." "எத்தன நாளாச்சு?" "ஒரு வருசத்துக்கு மேல," என்று வாய் சொல்லிவிட்டது. நஞ்சப்பன் தலையை எடுக்கிறார். "வந்தே ரெண்டு மாசந்தானுங்களே ஆச்சு." எனக்குக் காது சூடாகிறது, மின்விசிறியைப் பார்க்கிறேன், நல்லவேளை பூவாத்தாள் காதில் அது விழவில்லை, அவள் மறுபடி திருகிடம் போய்விட்டாள். "அடுப்படியில வைக்கறதுக்கு நல்லாருக்கும்," என்கிறேன், அதற்கு மேல் பொறுக்க முடியாமல். "அடுப்படியில எனக்கென்னங்க வேல, அரை மணி நேரம். இது கட்டுத்தரைக்கு. ஆறு மாடு நிக்குது. பால் பீச்சறப்ப கை பூராம் நொரை. போன்ல பாட்டு வெச்சா நடுவுல எவனாச்சும் கூப்புட்டுருவான், பாட்டு நின்னுபோச்சுன்னா செவலை கால ஒதறிப் பால் சொம்பத் தள்ளிரும். அதுக்குப் பாட்டு நிக்கக் கூடாது." புறங்கையால் அதன் தலையைத் தட்டிக் கொடுக்கிறாள், மாட்டைத் தட்டுவது போல. "என்ன, மாட்டறதுக்கு ஒரு கொக்கி வெச்சிருக்கலாம். செஞ்சவனுக்கு அது தோணல பாருங்க." "தோணலதானுங்க," என்கிறேன். தோன்றவே இல்லை. பதினான்கு மாதம், நாற்பது அடுப்படி, சுவரில் வரிசையாகப் படங்கள், மஞ்சள் கை, எண்ணெய்க் கை, ஒரு மாடு கூட இல்லை. சாணி வாடை, ஈ, தூசி, இதற்கெல்லாம் என்ன செய்யும் அந்த ஸ்பிரிங், கொக்கி எங்கே வரும், மேலேயா முதுகிலா, முதுகில் வைத்தால் ஆடும், மேலே வைத்தால் மாடு முட்டும், எந்த உயரத்தில் இருந்தால் குத்தவைத்துப் பால் பீச்சுகிறவளின் முழங்கைக்கு எட்டும். வயிற்றுக்குள் ஏதோ குபுக்கென்று பொங்குகிறது. முப்பது வருஷமாக இந்தப் பொங்கலுக்காகத்தான் வேலைக்குப் போகிறேன். வேறெதற்கும் இல்லை.

அவள் வாங்கிவிட்டாள். இவ்வளவுதான். ஒரு பெண் வந்தாள், தொட்டாள், வாங்கினாள். நஞ்சப்பன் ஜாரை நாளைக்கென்று ஒதுக்கிவிட்டு, குமிழைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறார், "முந்தாநேத்து அந்த டெய்லரும் இதையத்தான் கொண்டுபோனான், மெஷின மிதிச்சுக்கிட்டே முட்டியில திருப்பறானாம்," என்கிறார். முட்டியில். முழங்காலில். நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஏனுங்க, அந்த மாடு பாட்டுக் கேக்கறத நான் பாக்கலாமுங்களா?" பூவாத்தாள் என்னைச் செருப்பிலிருந்து கண்ணாடி வரைக்கும் பார்க்கிறாள். "மாடு பாக்கவா வந்தீங்க?" "ஃபேன் வாங்க வந்தேன். ஃபேன் வரல." அதில் அவளுக்கு ஒரு நியாயம் தெரிந்திருக்க வேண்டும். "கார் அங்க வராதுங்க, வாய்க்கா மேட்டுல எம்பட வண்டிதான் போவும். ஏறுங்க. பால் பீச்ச மூணு மணியாவும், அதுக்குள்ள ஒரு வாய் சோறு தின்னுக்கலாம்." தெருமுனையில் திரும்பும்போது பின்னால் நஞ்சப்பன் கூப்பிடுகிறார், ஃபேன் வந்துவிட்டதாம். வெச்சிருங்க, வர்றேன் என்று கையைக் காட்டுகிறேன்.

மடியில் பெட்டி. இருபுறமும் நெல், கண்ணை இடுக்க வைக்கிற பச்சை, வாய்க்காலில் தண்ணீர் வண்டிக்குப் போட்டியாக ஓடுகிறது, காற்று என் கொண்டையைப் பிய்த்து வாய்க்குள் முடியைத் தள்ளுகிறது. கைப்பையில் போன் அடிக்கிறது. மணி ஒன்று. அவர் ஒரு நிமிஷம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. "எங்க இருக்கீங்க தெய்வானை, ஒரே காத்துச் சத்தமா இருக்கு." "வண்டில போயிட்டிருக்கேன் சார். ஒரு மாட்டைப் பாக்க." "எதை?" "மாட்டைங்க சார்." "என் பதில் இல்லைங்கிறதுதான் சார்," என்கிறேன், எவ்வளவு லேசாக வருகிறது, ராத்திரி முழுக்க மூட்டையாகக் கிடந்தது. "திருகை எடுக்க மாட்டேன். அறையை மூட மாட்டேன். நாற்காலிய வேணா எடுத்துக்குங்க. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும், நாம அடுப்படிக்குன்னு செஞ்சத டெய்லர் முழங்கால்ல திருப்பறாரு. இந்த அம்மா மாட்டுக்கு வாங்கிட்டுப் போறாங்க. கை காலியா இல்லாத ஆளுங்களுக்கு நாம ஒரு சாமான் செஞ்சிருக்கோம் சார், அத நாம தப்பான கடையில வெச்சிருக்கோம். நகரத்துப் பெரிய கடைக்கு வர்றவங்க ரெண்டு கையும் வீசிட்டு வர்றாங்க." "எத்தன பேர் வாங்கிப் பாத்தீங்க?" "இன்னிக்கு ஒருத்தர்." "ஒருத்தர்." "ஒருத்தர்தான். ஆனா அவங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தரல. கை தானாப் போச்சு." ஒரு நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்கிறது. அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார். "அந்த மாட்டைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வர முடியாதுங்களா," என்கிறார், குரலில் சிரிப்பை ஒளித்துக்கொண்டு, "மத்த நாலு பேருக்கு நான் சொன்னா நம்ப மாட்டாங்க." அப்புறம் சொல்கிறார், "தை பொறக்கட்டுங்க. அது வரைக்கும் நான் அவங்களப் பாத்துக்கறேன். நீங்க டெய்லர், மாட்டுக்காரங்க, எவரெவருன்னு போய்ப் பாத்துட்டு வாங்க. கம்பெனிக் காரிலேயே போயிட்டு வாங்க."

போனைப் பைக்குள் போடுகிறேன். தை வரைக்கும் மூன்றரை மாதம். லூர்துராஜிடம் கொக்கியைப் பற்றிச் சொன்னால் முதலில் முடியாது என்பார், அடுத்த நாள் மூன்று விதமாகச் செய்துகொண்டு வருவார், மூன்றையும் நான் வேண்டாம் என்பேன். எனக்குச் சிரிப்பு வருகிறது, வாய் திறந்தால் முடி உள்ளே போகிறது, அப்படியும் வருகிறது. "யாருங்க போன்ல?" என்கிறாள் பூவாத்தாள் திரும்பாமலே. "வேல பாக்குற எடத்துல இருந்து." "என்ன வேலைங்க?" "இந்தப் பொட்டிக்குள்ள இருக்கறத செய்யற வேல." வண்டி கொஞ்ச தூரம் ஒரே சீராகப் போகிறது. "அப்புடீங்களா," என்கிறாள், "அப்பக் கெட்டியாப் புடிச்சுக்குங்க, முன்னால பள்ளம் வருது."